வெப்பம் குறையும் என்று எழுதியிருந்தேன்

அம்மா இறந்த மாதத்தில் நான் எரிமலைகளைப் பற்றி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

மாத்தளையில் ஓர் அரச அலுவலகத்தில் எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வருவதைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் சுற்றறிக்கைகள், டெங்கு அறிவித்தல்கள், காணிக் கடிதங்கள். யாரும் ஆசைப்பட்டு வாசிக்கிற எதையும் இத்தனை வருடத்தில் நான் எழுதியதில்லை. அந்த வருடம் மட்டும் பாடசாலைகளுக்கென்று காலநிலை பற்றி ஒரு சிறிய கைநூல் வந்தது. அதில் ஓர் அத்தியாயம் எரிமலை வெடிப்புகளும் பூமியின் வெப்பநிலையும்.

நான் உக்குவளையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களும் இப்போது குறைந்துவிட்டார்கள். அம்மா யாழ்ப்பாணத்தில் அக்காவோடு இருந்தார். வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, தேநீர் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் அம்மாவுக்குத் தொலைபேசி எடுப்பேன். பேசுவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. அதனால் அன்றைக்கு என்ன மொழிபெயர்த்தேன் என்று சொல்வேன். காணிச் சட்டத்திலிருந்து டெங்கு நுளம்பு வரை எல்லாவற்றையும் அம்மா அப்படித்தான் என்னிடம் கேட்டுக்கொண்டார்.

"இண்டைக்கு என்ன பிள்ளை?"

"எரிமலை அம்மா."

"எங்கட நாட்டிலை ஏதடி எரிமலை?"

"இங்கை இல்லை. இந்தோனேசியாவிலை, பிலிப்பைன்ஸிலை."

"அப்ப உனக்கேன் அது?"

"அது வெடிச்சா உலகம் முழுக்கக் குளிருமாம்."

அம்மா சிரித்தார். அந்த நாட்களில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. சிரிப்பு பாதியில் இருமலாகியது. "நெருப்பு வெடிச்சுக் குளிருமோ? உனக்கு ஆரோ பிழையா எழுதித் தந்திருக்கினம்."

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. நெருப்பைக் கக்குகிற மலை சூட்டைத்தானே கூட்ட வேண்டும்? மூலத்தை இரண்டு மூன்று தரம் வாசித்த பிறகுதான் பிடிபட்டது. சாம்பல் கனமானது, சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில் விழுந்துவிடும். காரியம் சாம்பலில் இல்லை, வாயுவில். வெடிப்பு பெரிதாக இருந்தால் கந்தகவீரொட்சைட்டு என்கிற அந்த வாயு மேகங்களையும் தாண்டிப் படைமண்டலம் வரை போய்விடுகிறது. அங்கே நீராவியோடு சேர்ந்து மிக நுண்ணிய அமிலத் துளிகளாகிறது. அந்த உயரத்தில் மழை கிடையாது, கழுவி இறக்க ஒன்றுமில்லை. துளிகள் மாதக்கணக்கில் மிதந்து, காற்றோடு உலகைச் சுற்றிப் பரவி, வெயிலில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. கீழே நிலம் குளிர்கிறது. ஒரு வருடம், இரண்டு வருடம், கூடினால் மூன்று. பிறகு துளிகள் மெல்ல இறங்கிவிட எல்லாம் பழையபடி ஆகிறது. பிலிப்பைன்ஸில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெடித்த எரிமலையால் உலகின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய அரைப் பாகை செல்சியஸ் குறைந்ததாம். இந்தோனேசியாவில் இருநூறு வருடங்களுக்கு முன் வெடித்த ஒன்றால் அடுத்த வருடம் ஐரோப்பாவின் பல பகுதிகளில் கோடையே வரவில்லை. பயிர் விளையாமல் சனங்கள் பட்டினி கிடந்தார்கள்.

இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். கந்தகவீரொட்சைட்டு என்று சொல்லவில்லை. மேலே போகிற புகை வெயிலை மறைக்கிறது என்று சொன்னேன்.

"அப்பிடிச் சொல்லு. வானத்துக்குப் பந்தல் போட்ட மாதிரி," என்றார் அம்மா. "எங்கையோ மலை வெடிக்க, இங்கை எங்கட முற்றத்திலை நிழல் விழுது."

அந்த அத்தியாயத்தை முடித்துத் தட்டச்சுக்குக் கொடுத்த அன்று பின்னேரம் அம்மாவுக்கு எடுத்தேன். அக்காதான் பேசினாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை என்றாள்.

யாழ்ப்பாணம் போய், கிரியைகளெல்லாம் முடிந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை நின்றேன். அங்கே வந்தவர்கள் என் பேச்சைக் கேட்டு, "உன்ரை தமிழ் மலைநாட்டுத் தமிழாப் போச்சு," என்றார்கள். மாத்தளையிலோ இன்றைக்கும் நான் யாழ்ப்பாணத்து மிஸ்தான். திரும்பி வரும் பஸ்ஸில், இனி எந்த ஊரிலும் என் பேச்சு சரியான பேச்சு இல்லை என்று தோன்றியது. பேசிக்கொண்டிருந்ததும் ஒரே ஓர் ஆளோடுதான்.

அலுவலகத்தில் ஒவ்வொருவராக என் மேசைக்கு வந்து இரண்டு வார்த்தை சொன்னார்கள். வயது என்ன, என்ன நோய், நல்ல சாவுதானே. பிறகு தங்கள் மேசைகளுக்குப் போனார்கள். தட்டச்சு செய்கிறவர் மட்டும் வரவில்லை. அவர் ஒரு முஸ்லிம் பெண், என்னைவிடச் சில வயது இளையவர். ஒரே அலுவலகத்தில் எத்தனையோ வருடமாக இருந்தும், தாளைக் கொடுப்பதும் வாங்குவதும் தவிர எங்களுக்குள் பழக்கம் இல்லை. நான் அந்தப் பக்கம் பார்த்தபோது அவர் தலைகுனிந்துகொண்டார். சிலருக்கு அவ்வளவுதான் மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

கைநூல் அச்சாகி வந்திருந்தது. பாதிக்கு மேல் பாடசாலைகளுக்கும் போய்விட்டிருந்தது. மிச்சத்திலிருந்து ஒரு பிரதியை எடுத்து என் அத்தியாயத்தைத் திறந்தேன். 'பெரிய எரிமலை வெடிப்புகளின் பின் பூமியின் வெப்பநிலை கூடும்' என்றிருந்தது. அடுத்த பக்கமும் அப்படியே. குறையும் என்று நான் எழுதிய இடமெல்லாம் கூடும். துளிகள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புவதால் நிலம் சூடாகிறதாம். பிலிப்பைன்ஸ் எரிமலையால் உலகம் அரைப் பாகை சூடானதாம்.

நான் அந்தப் பிரதியோடு தட்டச்சு அறைக்குப் போனேன்.

"நீங்களோ இதை மாத்தினது?"

அவர் பார்த்தார். "ஓம் மிஸ். நான் தான். பிழையா ஈந்திச்சி. எரிமலைன்னா நெருப்பு தானே? நெருப்பு வந்தா சூடு கூடும். குறையுமா?"

"குறையும்."

"குறையுமா?"

"நான் எழுதினது சரி. குறையும்."

"அல்லாஹ்," என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

மேலதிகாரி அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. திருத்தத்தை ஒரு துண்டில் அச்சடித்துத் தபாலில் அனுப்பினால் போதும் என்றார். அந்தத் துண்டுகள் எந்த அலுமாரியில் போய்ப் படுக்கும் என்று எனக்குத் தெரியும். நானே கொண்டுபோய் ஒட்டிவிட்டு வருகிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, லீவு போட்டுக்கொண்டு போவதென்றால் போங்கள் என்றார். ஒரு கைநூலுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று அவருக்கு நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு நான் கடைசியாக விளக்கிச் சொன்ன விஷயம் அது. அவர் சிரித்து, இருமி, பிறகு ஒத்துக்கொண்ட விஷயம். அது தலைகீழாக ஊரெல்லாம் கிடப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதோடு, லீவு எடுத்து வீட்டில் இருக்கவும் எனக்குப் பயமாக இருந்தது.

தட்டச்சு செய்தவர் வாசலில் வந்து நின்றார். "நானும் வாரேன் மிஸ்."

"நோன்பு பிடிச்சுக்கொண்டு இந்த வெயிலுக்கை எங்கை வரப்போறீங்கள்?"

"நோன்போட வீட்டு வேலையெல்லாம் செய்ற தானே. பஸ்ஸுல குந்தி ஈக்கிறது ஒரு கஷ்டமா?"

அந்த வருட வெயில் யாருக்கும் மறந்திருக்காது. பிள்ளைகளை வெளியே விளையாட விடவேண்டாம் என்று பாடசாலைகளுக்கு வந்த அறிவித்தலை நான்தான் தமிழாக்கியிருந்தேன். இரண்டு பேரும் குடை பிடித்துக்கொண்டு, ஒரு பையில் துண்டுகளும் பசைப் போத்தலுமாகக் கிளம்பினோம். உக்குவளையில் ஒரு பாடசாலையில் அதிபர் நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இதுக்காகவா வந்தீங்க?" என்று மறுபடி மறுபடி கேட்டார். யட்டவத்தப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் புத்தகங்கள் கட்டுக் கட்டாகப் பூட்டிய அலுமாரிக்குள் இருந்தன. கட்டியிருந்த நூல்கூட அவிழ்க்கப்படவில்லை. எங்கள் பிழையால் அங்கே ஒருவருக்கும் ஒரு கெடுதியும் நடந்திருக்கவில்லை, ஒருவரும் அதைத் திறந்தே பார்க்கவில்லை. நாங்கள் நூலை அவிழ்த்து, ஒட்டி, மறுபடி கட்டி வைத்துவிட்டு வந்தோம். பஸ்ஸில் அவர் யன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கென்று கொண்டுவந்த பாணை நான் பையிலிருந்து எடுக்கவில்லை.

"சாப்பிடுங்க மிஸ்," என்றார் கண்ணைத் திறக்காமலே. "எனக்காகப் பட்டினி ஈக்க வேணாம்."

கடைசியாக மிஞ்சியது இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலை. இரத்தோட்டையில் இறங்கி, தொழிலாளர்கள் ஏறுகிற வேறொரு பஸ்ஸில் மேலே போக வேண்டும். அவ்வளவு உயரத்திலும் குளிர்ச்சி இல்லை. தேயிலைச் செடிகளின் நுனி பழுத்துக் கிடந்தது. புவியியல் கற்பிக்கிற ஆசிரியர் முப்பது வயதுக்காரர், எங்களை ஆசிரியர் அறையில் உட்கார வைத்துவிட்டு, துண்டை வாசித்து, தலையைச் சொறிந்தார்.

"மிஸ், நான் இத அப்படியே சொல்லிக் குடுத்துட்டேன். போன வாரம் வச்ச பரீட்சையில கேள்வியாவும் போட்டுட்டேன். கூடும்னு எழுதினவங்களுக்கு மார்க்ஸும் குடுத்தாச்சு."

ஆசிரியர் துண்டை மடித்து மேசையில் வைத்தார்.

"இப்ப நான் போயி மாத்திச் சொன்னா என்னைய நம்ப மாட்டாங்க. நீங்களே வந்து சொல்லிடுங்களேன்."

நான் ஒருநாளும் வகுப்பில் நின்றவள் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். சட்டையெல்லாம் முதுகோடு ஒட்டியிருந்தது. மேலே போகிற வாயுவைப் பற்றி, படைமண்டலத்தைப் பற்றி, வெயில் திரும்பிப் போவதைப் பற்றிச் சொன்னேன். புத்தகத் தமிழில் சொன்னதால் யாருக்கும் ஏறவில்லை என்று முகங்களில் தெரிந்தது. அப்போதுதான், "வானத்துக்குப் பந்தல் போட்ட மாதிரி," என்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை தலையை ஆட்டினாள். அடுத்த வசனம் வரவில்லை. வெண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்து நின்றேன்.

பின்னால் சுவரோரம் நின்ற தட்டச்சுக்காரர் முன்னுக்கு வந்தார்.

"புள்ளைகளே, இந்த மிஸ் சரியாத் தான் எழுதினாங்க. பிழையா அடிச்சது நான். நெருப்புன்னா சூடுன்னு நெனச்சிட்டேன். நீங்களும் அப்படித் தானே நெனச்ச?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். அந்தச் சத்தத்துக்குள் நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

தலையை ஆட்டிய பிள்ளை எழுந்து நின்றாள். "டீச்சர், அப்ப இப்ப எங்கயாச்சும் ஒண்ணு வெடிச்சா நல்லது தானே? கொழுந்தெல்லாம் கருகுதுன்னு எங்கம்மா சொல்றாங்க."

"வெடிச்சாக் கொஞ்சம் குளிரும்," என்றேன். "ஆனா மழையும் குறையும் பிள்ளை. வெயில் குறைஞ்சாக் கடலிலிருந்து ஆவியாகிப் போற தண்ணியும் குறையும். சில இடங்கள்ல பருவமழையே பொய்ச்சுப் போகும். ரெண்டு வருஷத்திலை பந்தலும் போயிடும். மனுசர் எரிக்கிற எண்ணெயாலும் நிலக்கரியாலும் கூடின சூடு அப்படியே இருக்கும்."

அவள் உட்கார்ந்தாள். திருப்தியான மாதிரித் தெரியவில்லை. ஆசிரியர் கேட்டார்: "டொங்கா தீவுப் பக்கம் கடலுக்கடியில ஒண்ணு பெருசா வெடிச்சிச்சே மிஸ், ரெண்டு வருசம் முன்ன. அப்புறமும் சூடு குறையலையே?"

எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பிறகு வாசித்து அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அந்த வெடிப்பில் கந்தகம் குறைவு, கடல்நீர் ஆவியாகி ஏராளமாக மேலே போயிருந்தது. அதனால் பெரிய குளிர்ச்சி வரவில்லை. அதன் விளைவு என்ன என்று அறிவியலாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். "அப்ப எல்லா எரிமலையும் ஒண்ணு இல்லைங்க," என்றார் அவர். அதைத் தனியாகப் பிள்ளைகளுக்குச் சொல்வதாகவும் சொன்னார்.

அன்றைக்கு எல்லாப் பிரதியிலும் பிள்ளைகளே ஒட்டினார்கள். பலருடைய துண்டு கோணலாகப் போனது. கீழே இறங்குகிற பஸ் வெகுநேரம் வரவில்லை. இரத்தோட்டைக்கு வந்து சேர்ந்தபோது நோன்பு திறக்கிற நேரமாகிவிட்டது. மாத்தளை பஸ்ஸுக்காக நிறுத்தத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம். பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டதும் அவர் கைப்பையிலிருந்து ஒரு சிறிய டப்பாவை எடுத்தார். ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் வைத்து, தண்ணீர் குடித்தார். பிறகு டப்பாவை என் பக்கம் நீட்டினார்.

"மிஸ், ஒண்டு சொல்லவா? கோவிக்கக் கூடாது."

"சொல்லுங்கோ."

"நீங்க அந்தத் தாளத் தந்திட்டுப் போன. அடுத்த நாள் வந்தா, ஒங்கட உம்மா மௌத்தாகிட்டாங்கன்னு சொல்றாங்க. நான் அடிச்சிக்கிட்டு வாரேன், குறையும் குறையும்னு எழுதி ஈக்கிது. உம்மாக்குச் சொகமில்லாத நேரத்துல எழுதினது தானே, பாவம், நெனவெல்லாம் அங்க, மாத்தி எழுதிட்டாங்கன்னு நெனச்சேன். பெரியாக்கள் கண்டா ஒங்களத் தானே ஏசுவாங்க. அதால நானே திருத்தின. ஒருத்தருக்கிட்டயும் சொல்லவுமில்ல."

நான் டப்பாவிலிருந்து ஒரு பழத்தை எடுத்தேன்.

"நல்லது செய்றன்னு நெனச்சி இப்படி ஆகிப் போச்சு."

"நான் திரும்பி வந்த அண்டைக்கு என்னோடை ஏன் கதைக்கேல்லை?"

"என்னா சொல்ற? ஏன்ட உம்மா மௌத்தான நேரம் எல்லாரும் வந்து ஒரே கதைய சொன்னாங்க. எனக்கு அது கொஞ்சமும் புடிக்கல்ல. அதையே ஒங்களுக்கிட்ட வந்து எப்படிச் சொல்ற?"

எங்களுக்கு முன்னால் ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன. கடைகளில் விளக்கு எரியத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் வீடு நிறைய சனம் இருந்த நாட்களில் நான் நினைத்தது, மாத்தளையில் என்னைப் பற்றி நினைக்க ஒரு நாதியும் இல்லை என்று. அதே நாட்களில் ஒருத்தி என் கையெழுத்துக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு சொல்லில் நின்று, எனக்காகக் கவலைப்பட்டு, எனக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதென்று அந்தச் சொல்லை மாற்றியிருக்கிறாள். உலகத்தின் வெப்பநிலையையே தலைகீழாக்கிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. அம்மா போனபின் யாருக்கும் முன்னால் நான் அப்படி அழுததில்லை. அவர் ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பஸ் வந்ததும், "எழும்புங்க மிஸ், சீட் புடிக்கணும்," என்றார்.

நோன்பு முடியும்வரை ஒரு சின்ன பிளாஸ்கில் எனக்கு அவர் வீட்டு நோன்புக் கஞ்சி வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு மத்தியானங்களில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அவருடைய கணவர் கட்டாரில் இருந்தார், மகள் குருணாகலில் கல்யாணம் முடித்திருந்தாள். அடுத்த வருடம் அந்த மகளுக்குக் குழந்தை பிறந்ததும் அவர் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு குருணாகலுக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு வந்த இளைஞர் கெட்டிக்காரர். நான் எழுதிக் கொடுப்பதில் ஓர் எழுத்தையும் மாற்றுவதில்லை. என் பிழைகளும் அப்படியே அச்சாகி வருகின்றன.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த ஞாயிறு அவர் கூப்பிட்டு நான் குருணாகலுக்குப் போனேன். பேரப்பிள்ளையைக் காட்டினார். சோறு போட்டார். அலுவலகத்தில் யார் யார் மாறிப்போனார்கள் என்று பேசினோம். பின்னேரமாகும்போது பேச ஒன்றும் மிஞ்சவில்லை. குழந்தை அழுதது, அவர் எழுந்து எழுந்து போனார். மகள் என்னிடம், "ஆன்ட்டி, நீங்க மட்டுமா அங்க இருக்கீங்க?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

பஸ் நிலையம் வரை அவர் என்னோடு வந்தார்.

"இனி எப்ப வாரீங்க?"

"லீவு கிடைச்சா வாறன்."

"லீவு கெடைக்காட்டியும் வாங்க," என்று சொல்லி, பெருநாள் இனிப்பான வட்டிலாப்பம் இருந்த டப்பாவை என் கையில் திணித்தார்.

உக்குவளையில் இறங்கி வீட்டைத் திறந்தபோது, பகல் முழுக்கப் பூட்டிக் கிடந்ததில் உள்ளே அனலாக இருந்தது. யன்னல்களைத் திறந்து விட்டேன். மின்விசிறியைப் போட்டேன். கைகால் கழுவிக்கொண்டு வந்து, தட்டு எடுக்கச் சோம்பலாக இருந்ததால், அவர் தந்ததை டப்பாவோடேயே கரண்டியால் எடுத்து, சமையலறையில் நின்றபடி சாப்பிட்டு முடித்தேன்.